ஜோடி நின்றவள்

மணிவண்ணனுக்குப் பரிசு கிடைத்த செய்தி வந்தபோது அமராவதி சத்துணவுக் கூடத்தில் நூற்றுப்பத்துப் பிள்ளைகளுக்குச் சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு வெடிக்கிற நேரத்தில் கனடாவிலிருந்து போன் வந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "இன்னாடா, அங்க இப்ப நடுராத்திரி ஆச்சே, தூங்கலியா? சீக்கிரம் சொல்லு" என்றாள்.

"அக்கா, என் புஸ்தகத்துக்குப் பரிசு குடுத்திருக்காங்க."

"எந்தப் புஸ்தகம்?"

"நம்ம அம்மா கதை வருதே, அது."

அமராவதிக்குக் கை நின்றுபோனது. அவன் என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனான். உலகம் முழுக்க ஒரே ஒரு புத்தகம், அடுத்த மாதம் பெல்ஜியத்தில் விழா, அதற்கு முன்னால் பத்து நாள் ஊருக்கு வருகிறேன். அவள் "ம்", "ம்" என்றாள். அதற்குள் தாளிப்பு கருகிக் கூடம் முழுக்கப் புகை சூழ்ந்தது. உதவிக்கு இருந்த பெண் ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு, "இன்னாக்கா, மங்கம்மா காவலாப் போச்சா?" என்று சிரித்தாள்.

மரக்காணத்தில் அந்தத் தெருப்பக்கம் அப்படித்தான் பேசுவார்கள். பால் பொங்கி வழிந்தால் மங்கம்மா காவல். ஆடு வேலி தாண்டினால் மங்கம்மா காவல். அந்த மங்கம்மா யார், எதைக் காவல் காக்காமல் விட்டாள் என்பது இந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அவள் இடையஞ்சாவடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். எல்லாரும் சொல்கிறார்கள், தானும் சொன்னாள். அமராவதி சிரிக்கவில்லை.

பரிசு இன்னதென்று அவளுக்கு விளங்க இரண்டு நாள் பிடித்தது. உலகத்தில் எதற்கெல்லாமோ சங்கம் இருக்கிறது. மூளையைப் பற்றி மனிதர்கள் எந்தெந்தக் காலத்தில் என்னென்ன கண்டுபிடித்தார்கள், எங்கெங்கே தப்புச் செய்தார்கள் என்று வரலாறு எழுதுகிறவர்களுக்கும் ஒரு சங்கம் இருக்கிறதாம். வருஷத்துக்கு ஒரு புத்தகத்தைப் பொறுக்கியெடுத்துப் பதக்கம் போடுவார்களாம். "மூளைக்கு இன்னாடா வரலாறு? அது பாட்டுக்கு மண்டைக்குள்ள கெடக்குது" என்று அவள் கேட்டதற்கு மணிவண்ணன் போனில் அரைமணி நேரம் விளக்கினான்.

அவன் எழுதியது வலிப்பு நோயின் வரலாறு. அந்தக் காலத்து மெட்ராஸ் ஆஸ்பத்திரிப் பதிவேடுகள், மூளைக்குள் ஓடும் மின்சாரத்தைக் காகிதத்தில் கோடு கோடாக வரைந்து காட்டிய முதல் மெஷின்கள், எல்லாம் அதில் உண்டு. நோயாளியின் கண் முன்னால் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டால் சிலருக்கு வலிப்பு வருகிறது என்று வெளிநாட்டு டாக்டர்கள் அந்த மெஷினை வைத்துத்தான் கண்டுபிடித்தார்களாம். ஆனால் பரிசு கொடுத்தவர்களை அசைத்தது அதெல்லாம் இல்லை, கடைசி அத்தியாயம்தான். அது மரக்காணத்து உப்பளத்தில் நடப்பது.

தனக்கோடி, அதாவது அமராவதிக்கும் மணிவண்ணனுக்கும் அம்மா, வலிப்பு உள்ளவள். உப்புப் பாத்தியில் அரையடி நீர்தான் நிற்கும். அரையடி போதாதா, குப்புற விழுந்தவளுக்கு? காற்றடித்து நீர் நலுங்கும்போது வெயில் அதன்மேல் பட்டு விட்டுவிட்டு மின்னும். அதைப் பார்த்தால் தனக்கோடிக்குக் கண்ணிமை படபடக்கும், அடுத்த நிமிஷம் வலிப்பு வரும். உப்பளத்துப் பெண்கள் அதற்குத் "தண்ணி கண்ணு சிமிட்டுது" என்று பெயர் வைத்து, ஓர் ஏற்பாடும் செய்திருந்தார்கள். தனக்கோடி எப்போதும் வெயிலுக்கு முதுகு காட்டித்தான் உப்பு வார வேண்டும். எதிரே ஒருத்தி வெயிலைப் பார்த்து நின்று வேலை செய்வாள். அவள்தான் ஜோடி. தனக்கோடியின் இமை துடிக்கத் தொடங்கினால் ஜோடி முந்தானையை அவள் முகத்தில் போட்டு மூடி, வரப்பில் உட்காரவைத்துவிடுவாள். பாதி நேரம் வலிப்பு வராமலே போய்விடும். ஆஸ்பத்திரி மெஷின் சொன்னதை, எழுத்து தெரியாத பெண்கள் வெறும் கண்ணால் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தார்கள் என்று மணிவண்ணன் எழுதியிருந்தான். தேர்வுக்குழு அதைத்தான் கொண்டாடியிருந்தது. அத்தியாயம் முடிகிற இடம் அதைவிடப் பெரிதாகப் பேசப்பட்டது. ஒருநாள் ஜோடி நின்றவள் சொல்லாமல் விட்டுவிட்டுப் போனாள், தனக்கோடி பாத்தியில் விழுந்து செத்தாள். ஏட்டில் ஏறாத அறிவு எல்லாம் ஒருத்தியின் பொறுப்பில்தான் தொங்குகிறது, அவள் நகர்ந்தால் அறுந்துவிடும் என்று முடித்திருந்தான்.

ஜோடி நின்றவள் மங்கம்மா. அவள் சொல்லாமல் விட்டுவிட்டுப் போனாள் என்பது மட்டும் பொய். அந்தப் பொய்யைச் சொன்னவள் அமராவதி.

பதின்மூன்று வயதில் ஒருமுறை சொன்னாள். அதன்பிறகு முப்பது வருஷம் கழித்து, தம்பி ஒரு சின்ன டேப் மெஷினை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டபோது மறுபடி சொன்னாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அது இங்கிலீஷ் புத்தகம். இங்கே எவன் அதை வாங்கிப் படிக்கப் போகிறான்? ஊரில் ஏற்கெனவே இருக்கிற பேச்சுதானே, எங்கேயோ ஒரு நாட்டில் அலமாரியில் கிடந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துவிட்டாள். அந்தப் புத்தகத்துக்குப் பரிசு கிடைக்கும், பரிசு கிடைத்தால் பேப்பர்காரன் வருவான், அவன் அதைத் தமிழில் போடுவான் என்று யார் கண்டது!

பேப்பரில் அரைப்பக்கம் வந்தது. "உப்பளத் தொழிலாளி மகனுக்கு உலகப் பரிசு" என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே கதை முழுக்க எழுதியிருந்தார்கள். மங்கம்மாவின் பெயர் இல்லை. "உடன் நின்ற பெண் பொறுப்பில்லாமல் விட்டுச் சென்றதால்" என்றுதான் இருந்தது. பெயர் எதற்கு? மரக்காணத்தில் அதைப் படித்து யாருக்குச் சந்தேகம் வரப்போகிறது? டீக்கடையில் உரக்கப் படித்தார்கள். உப்பளத் தொழிலாளர் சங்கத்துத் தலைவர் பக்தவச்சலம், தனக்கோடியின் பழைய படத்தைப் பெரிதாக்கி மணிவண்ணன் படத்தோடு சேர்த்துப் பிளக்ஸ் அடித்துப் பஸ் ஸ்டாண்டில் கட்டினார். பாராட்டு விழாவுக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

நாலாம் நாள் காலையில் விஜயகுமார் வந்தான். மங்கம்மாவின் ஒரே பிள்ளை. பெரிய முதலியார்சாவடியில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை. வாசலிலேயே நின்றான், உள்ளே வரவில்லை.

"வாப்பா, உக்காரு" என்றாள் அமராவதி.

"உக்கார வரலக்கா. எங்கம்மா மூணு நாளா சோறு துன்னல. அத்தச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தினி வருஷம் வாயால பேசினாங்க. பேசிட்டுப் போங்கடான்னு எங்கம்மா இருந்துட்டாங்க. பேசறவன்லாம் ஒருநாள் செத்துப் போவான், பேச்சும் கூடப் போயிடும்னு சொல்லுவாங்க. இப்ப அச்சுல போட்டுட்டீங்களேக்கா. அச்சு சாவுமா? அன்னிக்குக் கொட்டாயில தூளியில கெடந்து பாலுக்கு அழுத கொழந்த நான்தான். எனக்குப் பால் குடுக்கத்தானே வந்தாங்க. அது கொலக்குத்தமா?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்குச் சத்துணவுக் கூடத்துக்கு அவள் லீவு சொல்லிவிட்டாள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு பாயில் கிடந்தாள்.

மணிவண்ணன் வெள்ளிக்கிழமை வந்தான். தலை நரைத்துவிட்டது, ஆனால் அக்காவைப் பார்த்ததும் பழையபடி தோளில் சாய்ந்தான். அம்மா செத்தபோது அவனுக்கு ஐந்து வயது. ஊட்டி, குளிப்பாட்டி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டு, உப்பளத்தில் கூடை சுமந்து காலேஜ் வரை படிக்கவைத்தவள் அவள். பெட்டியைத் திறந்து முதல் வேலையாகப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தான். முதல் பக்கத்தில் இரண்டே வரி அச்சிட்டிருந்தது. ஒரு வரி அம்மாவுக்கு, ஒரு வரி அமராவதிக்கு. தன் பெயர் இங்கிலீஷில் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், ரேஷன் கார்டில் பார்த்திருக்கிறாள். அந்தப் பக்கத்தில் விரலை வைக்கவே அவளுக்குக் கூசியது.

"நாளைக்குக் காலையில உப்பளத்துக்குப் போலாங்க்கா. அம்மா வுழுந்த எடத்தக் காட்டு. பெல்ஜியத்துல பேசும்போது அந்தப் படத்தத்தான் மொதல்ல போடணும்."

"சரிடா" என்றாள். அங்கே வைத்துச் சொல்லிவிடுவது என்று அப்போது முடிவு செய்தாள்.

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. வரப்பில் முன்னால் அவள், பின்னால் கேமராவோடு அவன். குத்தகைக்காரர்கள் நாலு பேர் மாறியும் பாத்திகள் இடம் மாறவில்லை. ரோட்டிலிருந்து ஏழாவது பாத்தி. அவள் நின்றாள்.

"இங்கதான்."

அவன் கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தான்.

"டேய் மணி, அத்தக் கீழ வை. ஒண்ணு சொல்லணும்."

சொன்னாள். மே மாத லீவு. கூடை எடுத்துக் கொடுக்க அவளும் அம்மாவோடு வந்திருந்தாள். பத்து மணி வாக்கில் கொட்டாயில் விஜயகுமார் வீறிட்டு அழுதான். மங்கம்மா கொட்டாயையே பார்த்துக்கொண்டு நின்றாள், காலை எடுக்கவில்லை. அப்போது இவள்தான், "நீ போய் கொழந்தயப் பாருக்கா, நான் நிக்கறேன்" என்றாள். மங்கம்மா இரண்டு தரம் கேட்டாள். "நிப்பியாடி? எங்கயும் போயிட மாட்டியே? கண்ணயே பாத்துக்குனு இருக்கணும்." "எனக்குத் தெரியாதா? நீ போக்கா." மங்கம்மா போனாள். இவள் அம்மாவுக்கு எதிரே வெயிலைப் பார்த்து நின்றாள்.

"அப்புறம்?" என்றான் மணிவண்ணன்.

"ரோட்டுல ஐஸ்காரன் ஆரன் அடிச்சான்."

அவன் கேமரா மூடியை விரலால் உருட்டினான்.

"மடியில காசு இருந்துதுடா. ரெண்டு கலர் ஐஸ் வாங்கினேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு அம்மாவுக்கு. கூட்டம் வேற. வர்றதுக்குக் கால் மணி ஆயிடுச்சு. என்னுத வழியிலேயே துன்னுட்டேன். வந்து பாத்தா அம்மா குப்புற..." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தல ரோட்டுப் பக்கம் இருந்துது மணி. வெயிலுக்கு முதுகு காட்டி நின்னவங்க, என்னக் காணோமேன்னு ரோட்டப் பாத்துத் திரும்பியிருக்காங்க. தண்ணி கண்ணு சிமிட்டியிருக்குது. என்னத் தேடித்தான் செத்தாங்க."

அவள் கத்திய கத்தலில் கொட்டாயிலிருந்து எல்லாரும் ஓடிவந்தார்கள். அவளுக்கு அந்த நேரம் துண்டு துண்டாகத்தான் நினைவு. அம்மாவைத் தூக்கிப் புரட்டினார்கள். பாத்தியில் உருகிக் கிடந்த ஐஸ் வெள்ளை உப்பில் சிவப்பாக இறங்கியது. யாரோ அவள் வாயை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார்கள், உதடு கரித்தது. அப்பா சுப்ராயன் மண்வெட்டியோடு ஓடிவந்து, "எவடி ஜோடி? எவ நின்னது?" என்று இரைந்தார். அவள் கையை நீட்டினாள். "மங்கம்மாக்கா. வுட்டுட்டுப் போயிட்டாங்கப்பா."

மங்கம்மா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

மணிவண்ணன் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். பேன்ட்டில் உப்புச்சேறு ஒட்டியதைக்கூடப் பார்க்கவில்லை.

"அஞ்சு தடவ கேட்டேனேக்கா. வேற வேற மாதிரி கேட்டேன். டேப்புல இருக்குது."

"ஆமா. அஞ்சு தடவையும் பொய்தான் சொன்னேன்."

"ஏங்க்கா?"

"நீ என்ன அம்மான்னு நெனச்சுக்குனு இருந்தே. அம்மாவக் கொன்னவன்னு எப்படிடா சொல்றது?"

படித்தவனுக்கே உரிய புத்தி, அவன் ஒரு கேள்வி கேட்டான். "தண்ணி மின்னுனாதான் அம்மாவுக்கு வருதுன்னு மொதல்ல யாரு கண்டுபுடிச்சது? எல்லாரும் சேந்துன்னு சொன்னியே."

"மங்கம்மாக்காதான். வெயிலுக்கு முதுகு காட்டி நிக்கச் சொன்னதும் அவங்க, முந்தானயப் போட்டு மூடினதும் அவங்க. மத்தவங்கல்லாம் அவங்களப் பாத்துக் கத்துக்கினவங்க. அவங்க பேர எடுத்தா நீ தேடிக்குனு போய்க் கேப்பியேன்னு பயந்து மறைச்சேன்."

அவனுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "அந்த அத்தியாயம் இல்லேன்னா எனக்குப் பரிசே இல்லக்கா. யாரு கண்டுபுடிச்சாங்களோ அவங்களையே குத்தவாளியா எழுதியிருக்கேன். என்ன வெச்சு எழுத வெச்சிட்டியே!" என்று கையிலிருந்த கேமரா மூடியை வீசினான். அது பாத்தி நீரில் மிதந்தது. அவளே இறங்கி எடுத்துவந்து கொடுத்தாள்.

அவனைக் குறை சொல்லக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் அந்தச் சங்கத்துக்கு உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினான். மறுநாளே பதில் வந்தது. நேர்மைக்கு நன்றி, பரிசில் மாற்றம் இல்லை, அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளுங்கள். "அவ்ளோதானா?" என்று அமராவதி கேட்டாள். "அவ்ளோதாங்க்கா" என்றான். அவளுக்கு ஆறுதலாக இல்லை. திருத்தமும் இங்கிலீஷில்தானே வரும்!

அன்று மத்தியானம் அவள் மங்கம்மா வீட்டுக்குப் போனாள். இரண்டு தெரு தள்ளித்தான். முப்பத்தொன்பது வருஷத்தில் அந்த வாசற்படியை மிதித்ததில்லை. மங்கம்மா தரையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அறுபத்துமூன்று வயதுக்கு எண்பது மாதிரி இருந்தாள். அந்தச் சாவுக்குப் பிறகு உப்பளத்தில் ஒருத்தியும் அவளோடு ஜோடி சேர்ந்து கூடை தூக்கவில்லை. தானே குனிந்து, தானே தூக்கித் தலையில் வைத்துச் சுமந்து முதுகு வளைந்துபோனவள்.

"அக்கா, என்ன மன்னிச்சுருக்கா" என்று அமராவதி காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

மங்கம்மா கத்தியை நிறுத்தவில்லை. "இத்த ஏன்டி எங்கிட்ட சொல்றே? எனக்குத் தெரியாததா? ஊருக்குச் சொல்லு."

"சொல்றேங்க்கா."

"விழாவுல மைக்கு வெப்பானுங்க இல்ல? அதுல சொல்லு. நான் மொத வரிசையில உக்காந்து கேக்கணும். மன்னிக்கறதெல்லாம் அப்புறம் பாக்கலாம்." செதிலை வழித்து எறிந்தாள். "உங்கப்பன் அன்னிக்கு மண்வெட்டியோட நின்னான். ஆத்தா செத்த பொண்ணு, அப்பன் கையாலயும் அடிபட்டுச் சாவணுமான்னு வாய மூடிக்கினேன். நாலு நாள்ல நீயே சொல்லிடுவேன்னு பாத்தேன். கருமாதியில சொல்லுவேன்னு பாத்தேன். உங்கப்பன் போனப்பவாவது சொல்லுவேன்னு பாத்தேன். போதுண்டி பாத்தது."

விழா மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, பள்ளிக்கூட மைதானத்தில். ஷாமியானா, நாற்காலி, சீரியல் பல்பு என்று பக்தவச்சலம் ஒரு குறையும் வைக்கவில்லை. உப்பளத்துச் சனம் முந்நூறு பேர் இருக்கும். மங்கம்மா வந்தாள். வெளுத்த நீலப் புடவையை நன்றாகத் துவைத்துக் கட்டியிருந்தாள். விஜயகுமார் கையைப் பிடித்து அழைத்துவந்து முதல் வரிசையில் உட்காரவைத்தான். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்கள் இரண்டு பேர் எழுந்து பின்னால் போய்விட்டார்கள். மங்கம்மா திரும்பிப் பார்க்கவில்லை, நேரே மேடையைப் பார்த்தாள்.

மாலை, சால்வை, பேச்சு. அமராவதியை ஒரு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு மங்கம்மாவை மட்டும் பார்த்துச் சொன்னாள்.

"எங்கம்மா சாவுக்கு மங்கம்மாக்கா காரணம் இல்ல. நான்தான் அவங்கள அனுப்பினேன். நிக்கறேன்னு சொல்லிட்டு ஐஸ் வாங்கப் போயிட்டேன். அப்பாவுக்குப் பயந்து அவங்க மேல பழி போட்டேன். இத்தினி வருஷமா நீங்க பேசினதெல்லாம் என் பொய்யி. எங்கம்மாவ அத்தினி நாள் உசுரோட வெச்சிருந்ததே மங்கம்மாக்காதான்."

திட்டட்டும், கல்லால்கூட அடிக்கட்டும், வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் அமராவதி நின்றாள்.

பின்வரிசையில் ஒருத்தி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "என்ன பெரிய மனசு பாரு!" என்றாள். யாரோ கைதட்டினார்கள். இன்னும் நாலு பேர் தட்டினார்கள். பிறகு மைதானமே தட்டியது. பக்தவச்சலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார். "பாத்தீங்களா சனங்களே! பெத்த தாயப் பறிகொடுத்த பொண்ணு, அதுக்குக் காரணமானவங்க மேலயே பழி விழக்கூடாதுன்னு தன் தலைமேல போட்டுக்குது. ஐஸாம்! இப்படி ஒரு தங்கமான மனசு யாருக்கு வரும்?"

"இல்லீங்க, நெசமாத்தான் சொல்றேன்" என்று அமராவதி கத்தினாள். மைக் அவர் கையில் இருந்தது. மணிவண்ணன் எழுந்து அதைப் பிடுங்கி, "எங்கக்கா சொல்றது உண்மை, நான் எழுதினதுதான் தப்பு" என்றான். அதற்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள். அக்காவுக்கேற்ற தம்பி என்றார்கள். அமராவதியின் பொய்யை ஒரு நொடியில் நம்பிய ஊர், அவள் உண்மையைச் சொன்னபோது அவளுக்குச் சால்வை போர்த்தியது. சே, என்ன ஜனங்களோ!

மங்கம்மா எழுந்தாள். யார் கையையும் பிடிக்காமல், நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து நடந்து வெளியே போனாள். அமராவதி சால்வையை மேடையிலேயே உதறிவிட்டு இறங்கி ஓடினாள். பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே, தண்ணீர்த்தொட்டி பக்கத்தில் பிடித்துவிட்டாள்.

"சொல்லிட்டேங்க்கா. நம்ப மாட்டேங்கறாங்க. வீடு வீடா போய்ச் சொல்றேங்க்கா. சத்தியமா சொல்றேன்."

"சொல்லு. இன்னும் பெரிய மனசும்பாங்க."

அமராவதி உடைந்து அழுதாள். மூக்கும் வாயும் ஒன்றாக ஒழுக, குழந்தை மாதிரி தேம்பினாள். பழக்கம்போல மங்கம்மாவின் கை முந்தானைக்குப் போனது, நுனியைப் பிடித்து அமராவதியின் வாய்வரை உயர்ந்தது, அங்கேயே நின்றது. உதட்டில் பட்ட அந்த ஈரத்துணியும் கரிப்பும் அமராவதிக்கு அந்த நொடியில் நினைவுக்கு வந்தன.

"அக்கா, அன்னிக்கு... நீயா?"

"ஐஸ் துன்ன வாயெல்லாம் செவப்பா இருந்துது. உங்கப்பன் வர்றதுக்குள்ள தொடச்சேன்." மங்கம்மா முந்தானையை விட்டாள். "தொடைக்காம வுட்டிருக்கணுன்டி. அப்பவே ஊர் பாத்திருக்கும்."

உள்ளே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மங்கம்மா இறங்குவெயிலைப் பார்த்தபடி வீட்டுக்கு நடந்தாள்.